பொறித்த கோட்டில் நிறம் நிற்குமா? மெழுகுப் பசை, எனாமல், அக்ரிலிக், மார்க்கர்: ஒரு மதிப்பீடு

வீட்டில் வைத்து வெட்டவும் பொறிக்கவும் பயன்படும் கிரிகட் மேக்கர் இயந்திரத்தின் 41ஆம் இலக்கப் பொறிப்பு முனை அலுமினியத் தகட்டிலோ அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டிலோ போடுவது செதுக்கிய பள்ளம் அல்ல, அழுத்திக் கீறிய கோடு. வெற்றிக்கிண்ணம் விற்கும் கடைகளில் சுழலும் முனையால் செய்கிற பொறிப்பின் ஆழம் இதில் கிடையாது. இதை மறந்துவிட்டு எவ்வளவு விலையான பசையை வாங்கினாலும், மேலே படிந்ததைத் துடைக்கும்போது கோட்டுக்குள் இருப்பதும் சேர்ந்தே வந்துவிடும். ஆழமான பொறிப்புக்குச் சொன்ன முறைகளை அப்படியே வீட்டு இயந்திரத்துக்குப் பொருத்திப் பார்ப்பதால்தான் பலர் "நிறம் நிரப்பினால் வேலை கெட்டுப்போகிறது" என்று கைவிடுகிறார்கள். அப்படிக் கைவிடத் தேவையில்லை. வேலையின் பெரும்பகுதி நிரப்புவதில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது.

கொழும்பில் வாங்கக்கூடிய அல்லது தருவிக்கக்கூடிய நான்கு வகை நிரப்பிகளை இங்கே பார்க்கலாம்: மெழுகுப் பசை, எண்ணெய் சார்ந்த எனாமல், நீர் சார்ந்த அக்ரிலிக் வர்ணம், பெயின்ட் மார்க்கர். அடித்தளமாக எடுத்துக்கொண்டவை தெளிந்த அக்ரிலிக், வெற்று அலுமினியம், நிறமூட்டிய அனோடைஸ்ட் அலுமினியம் (மின்வேதி முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய தகடு), முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் கண்ணாடி அக்ரிலிக். அதற்கு முன் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோடு சரியில்லாத இடத்தில் எந்த நிரப்பியையும் குறை சொல்வது நியாயமில்லை.

கோடு

இந்த முனை மேக்கர் வரிசை இயந்திரங்களுக்கு மட்டும் உரியது. கிரிகட்டின் மற்ற இயந்திரங்களான எக்ஸ்புளோர், ஜோய் வைத்திருப்பவர்கள் வாங்கி ஏமாற வேண்டாம். பொருளின் தடிப்பு 2.4 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. 1 முதல் 2 மி.மீ. அக்ரிலிக்கும் 0.5 மி.மீ. அலுமினியமும் வசதியானவை. ஊதா நிற வலுப்பிடி விரிப்பில் ஒட்டி, நான்கு ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் போட வேண்டும். உருளைத் தண்டில் இருக்கும் வெள்ளை நட்சத்திரச் சக்கரங்களை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் அவை தகட்டின் மேல் ஏறி வரிசையாகத் தடம் பதிக்கும். பிறகு நிறம் அந்தத் தடங்களிலும் போய் உட்காரும்.

ஒருமுறை ஓடிய கோடு நிறத்தைப் பிடிக்கப் போதாது. வேலை முடிந்ததும் விரிப்பை வெளியே எடுக்காமல் மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்தினால் முனை அதே கோட்டின் மேலேயே போகும். அக்ரிலிக்குக்கு இரண்டு அல்லது மூன்று ஓட்டம், வெற்று அலுமினியத்துக்கு மூன்று ஓட்டம் நல்லது. அக்ரிலிக்கில் அதற்கு மேல் போனால் ஆழம் கூடுவதை விடக் கோட்டின் விளிம்பு பொரிந்து பொரிந்து உடைவதே கூடுகிறது. அனோடைஸ்ட் தகட்டுக்கு நிறமே வேண்டாம் என்றால் ஒரே ஓட்டம் போதும். மேல்நிறம் கீறப்பட்டு அடியிலுள்ள வெள்ளிநிறம் தெரிந்துவிடும்.

தமிழில் எழுத்துப் பொறிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. முனை கோடு மட்டுமே கீறும், பரப்பை நிரப்பாது. சாதாரண எழுத்துருவில் ஒரு பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தின் வெளிவிளிம்பையும் இரட்டைக் கோடாகக் கீறும். 'ண', 'ழ', 'ஞ' போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் 10 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் இரட்டைக் கோடுகள் ஒன்றையொன்று முட்டி, நடுவில் மெல்லிய இழை மட்டும் மிஞ்சும். துடைக்கும்போது அந்த இழைகளில் நிறம் தேங்கி எழுத்து கறையாகத் தெரியும். இரண்டு வழிகள் இருக்கின்றன. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பின் 1.0 பதிப்பிலிருந்து படத்தைக் கோடாக்கும் பகுதியில் நடுக்கோடு எடுக்கும் வசதி உண்டு. பெயரைத் தடித்த எழுத்தில் படமாக்கி அதில் நடுக்கோடு எடுத்தால் ஒற்றைக் கோட்டு எழுத்துக் கிடைக்கும். சுழிகள் சந்திக்கும் இடங்களில் வரும் சின்னக் கொம்புகளைக் கையால் அழிக்க வேண்டும். தடித்த எழுத்துத்தான் வேண்டுமென்றால் எழுத்தின் உட்புறத்தைச் சாய்கோடுகளால் நிரப்பி, கோடுகளுக்கிடையே 0.25 மி.மீ. இடைவெளி விடலாம். எதுவாயினும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, கிரிகட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸில் ஏற்றியதும் 'வெட்டு' என்றிருப்பதைப் 'பொறி' என்று மாற்ற மறக்கக் கூடாது.

தூசும் பிசிறும்

நிறம் நிற்காததற்கு முதற்காரணம் கோட்டுக்குள் கிடக்கும் தூசு. அக்ரிலிக்கைக் கீறும்போது வரும் துகள் நிலைமின்னால் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அதே துகள் பளபளப்பான மேற்பரப்பைக் கீறும். பிறகு நிரப்பும் நிறம் அந்த மயிரிழைக் கீறல்களிலும் ஏறி ஒரு மங்கலான படலமாக நிற்கும். ஆகவே தகடு விரிப்பில் இருக்கும்போதே டேப்பை ஒற்றி ஒற்றித் தூசை எடுங்கள். பிறகு மென்மையான தூரிகையால் கோட்டின் திசையிலேயே தட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி கலந்த நீரில் கழுவி, ஒற்றி உலர்த்துங்கள். விரலின் எண்ணெயும் இதிலேயே போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தாலே தகட்டில் விரற்பதிவு விழும். கழுவிய பின் ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும், பருத்திக் கையுறை இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்ரிலிக்கைக் கைச்சுத்திகரிப்புத் திரவத்தாலோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டாலோ துடைக்கவே கூடாது. தின்னர், அசிற்றோன் பக்கத்திலும் போகக் கூடாது. கீறிய கோட்டைச் சுற்றி அக்ரிலிக்கில் இறுக்கம் தங்கியிருக்கும். அங்கே மதுசாரம் பட்டதும் கோட்டிலிருந்து சிலந்தி வலை போல நுண்வெடிப்புகள் கிளம்பும். சிலவேளை உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தெரியும். அதைத் திருத்த வழியில்லை. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் அக்ரிலிக்குக்கு ஆகாது.

வெற்று அலுமினியத்தில் சிக்கல் வேறு. முனை உலோகத்தை இரு பக்கமும் ஒதுக்குவதால் கோட்டோரம் மெல்லிய பிசிறு எழும். துணி அதில் மாட்டி, நூல் பிரிந்து, நிறத்தையும் இழுத்துக்கொண்டு வரும். 1500 இலக்க நீர்ச் சாண்ட் பேப்பரைத் தட்டையான மரத்துண்டில் சுற்றி, நீர் விட்டு, ஒரே திசையில் நாலைந்து தடவை இழுத்தால் பிசிறு போய்விடும். அனோடைஸ்ட் தகட்டில் இதைச் செய்தால் நிறமே கழன்றுவிடும், வேண்டாம்.

துடைக்கும் கருவி

இந்த ஒரு விடயத்துக்காகவே இவ்வளவும் எழுதலாம். துணியை விரலில் சுற்றித் துடைத்தால் விரலின் சதை கோட்டுக்குள் அமுங்கி நிறத்தை வழித்தெடுக்கும். காலாவதியான வங்கி அட்டை ஒன்றின் ஓரத்திலோ சிறிய தட்டையான மரக்கட்டையிலோ பழைய சாரத் துணியை ஒற்றை மடிப்பாக, சுருக்கமில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பலமுறை துவைத்த பருத்திச் சாரம் இதற்கு மிகப் பொருத்தம். புதுத் துணியில் கஞ்சியும் நூற்துகளும் இருக்கும், பனியன் துணி இழுபட்டுக் கோட்டுக்குள் இறங்கும். கோட்டுக்குக் குறுக்காக, 45 பாகை சாய்வில், மெதுவாக, ஒரு தடவைக்கு ஒரு திசையில் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் சுத்தமான பகுதிக்கு மாறுங்கள். ஈரம் தேவைப்பட்டால் துணியில் ஒரு துளி மட்டும் விட வேண்டும், தகட்டின் மேல் ஊற்றக் கூடாது.

மெழுகுப் பசை: ரப் அன் பஃப்

அமெரிக்காவின் அமாக்கோ நிறுவனத் தயாரிப்பு. கார்னோபா மெழுகும் நுண்ணிய உலோகத் தூளும் நிறமியும் சேர்ந்த பசை, 15 மி.லீ. குழாயில் வருகிறது. வீட்டுப் பொறிப்புக்காரர்கள் அதிகம் புகழ்வது இதைத்தான், அந்தப் புகழில் பாதி நியாயமானது. சாவிக்கொத்தில் மாட்டும் ஒரு சாவித் துண்டுக்கு ஓர் அரிசி மணியளவு போதும். விரல் நுனியால் கோட்டுக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்து, உடனேயே அட்டையின் ஓரத்தால் மிச்சத்தை வழித்து, சில நிமிடம் விட்டு மேலே சொன்ன கட்டையால் மினுக்க வேண்டும். படலம் மிஞ்சினால் துணியில் ஒரு துளி மினரல் டேர்பன்டைன் விட்டுத் துடைக்கலாம். அது மெழுகைக் கரைக்கும் என்பதால் ஒரே இழுப்போடு நிறுத்த வேண்டும்.

கறுப்பு அனோடைஸ்ட் தகட்டில் பொன்னிறம் நிரப்பினால் வரும் தோற்றத்துக்கு ஈடு வேறெதுவும் இல்லை. எனாமலின் பொன்னிறம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சளாகத்தான் தெரியும். கல்யாணப் பரிசு, புத்தக அடையாளத் தகடு, மேசைப் பெயர்த்தகடு இவற்றுக்கு இதையே பரிந்துரைப்பேன். வெற்று அலுமினியத்தில் வெள்ளி, சாம்பல் வகைகளை நிரப்பினால் வேறுபாடு தெரியாது, கறுப்பு மட்டும் எடுபடும். தெளிந்த அக்ரிலிக்கில் உலோகத் துகள் எந்தச் சிறு கீறலையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தகடு முழுவதும் பொடி தூவியது போல மினுங்கும்.

பெரிய குறை, இது கடைசி வரை மெழுகாகவே இருப்பது. நாள் முழுக்கக் கையில் புழங்கும் சாவித் துண்டில் வியர்வையும் உராய்வும் பட்டு நிறம் மங்கிவிடும். மேலே தெளிவார்னிஷ் தெளித்துக் காப்பாற்றலாமே என்றால், தெளிப்பானின் கரைப்பான் மெழுகை இளக்கி மினுக்கத்தைக் குறைக்கும். நீர் சார்ந்த வார்னிஷோ மெழுகின் மேல் பரவாமல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும். ஆகவே கையில் புழங்காத பொருளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

எனாமல்

கதவுக்கும் கம்பி வேலிக்கும் பூசும் அதே எண்ணெய் சார்ந்த எனாமல், மிகச் சிறிய பேணி. மில்லிலீற்றர் கணக்கில் பார்த்தால் இறக்குமதிக் குழாயின் விலையில் சிறு பங்குதான். உலோகத்தில் நிரந்தரமாக நிற்பதில் இந்த நான்கில் இதற்கே முதலிடம்.

பேணியை நன்றாகக் கலக்கி, மேல்மட்டத்து எண்ணெயை அல்ல, அடியில் தங்கிய நிறமியையும் சேர்த்து ஒரு குச்சியில் எடுக்க வேண்டும். தின்னர் சேர்த்து இளக்க வேண்டாம். இளகிய நிறம் உலரும்போது சுருங்கிக் கோட்டின் அடியில் வெறும் சாயமாகத்தான் தெரியும். கோட்டின் மேல் தடவி, அட்டையால் உடனே வழித்து, 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் மண்ணெண்ணெய் அல்லது மினரல் டேர்பன்டைன் மிகச் சிறிதளவு பட்ட துணிக்கட்டையால் சாய்வாக இழுத்தால் மேற்பரப்பு சுத்தமாகி, கோட்டில் மட்டும் நிறம் நிற்கும். பதத்துக்கு முன்னே துடைத்தால் எல்லாம் வந்துவிடும். மறுநாள் வரை விட்டால் மேற்பரப்பில் இருப்பது வராது.

அக்ரிலிக்கில் எனாமல் போடலாமா? போடலாம். மண்ணெண்ணெய் அக்ரிலிக்கைத் தாக்காது என்பது இங்கே கைகொடுக்கிறது. ஆனால் 'எனாமல்' என்ற பெயரிலேயே தெளிப்புப் பேணியில் வருபவையும், பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனத்துக்கென விற்கும் லாக்கர் வகைகளும் வேறு கரைப்பான் கொண்டவை. அவை அக்ரிலிக்கை மங்கச் செய்யும், வெடிக்கவும் செய்யும். பேணியில் 'மினரல் டேர்பன்டைனால் இளக்கவும்' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் எடுங்கள். அப்போதும் ஒரு துண்டு அக்ரிலிக்கில் நாலு கோடு கீறி, நிரப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை.

முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் மழை பிடித்தால் இரண்டு நாள் கூட எடுக்கும். மின்விசிறியின் கீழ் வைத்து அவசரப்படுத்தினால் தூசுதான் ஒட்டும். மூடியைச் சற்றுத் திறந்த பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு.

நீர் சார்ந்த அக்ரிலிக் வர்ணம்

ஓவியத்துக்கான குழாய் வர்ணம். தெளிந்த அக்ரிலிக் தகட்டுக்கு இதுவே என் முதல் தெரிவு. காரணம் எளிது: துடைப்பதற்கு நீர் போதும், தகட்டுக்கு ஆபத்து இல்லை. குழாயிலிருந்து வந்த தடிப்பிலேயே தடவி, ஓரிரு நிமிடத்துக்குள் நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணிக்கட்டையால் இழுக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் தோலாக இறுகி, உரிக்கும்போது கோட்டில் உள்ளதையும் சேர்த்து உரிக்கும். அதனால் பெரிய வடிவமென்றால் பகுதி பகுதியாக, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் செய்யுங்கள்.

நீர் ஆவியாகும்போது வர்ணம் சுருங்கிக் கோட்டுக்குள் அமிழ்ந்துவிடும். அரை மணி நேரம் விட்டு இரண்டாம் முறை நிரப்பினால்தான் நிறம் முழுமையாகத் தெரியும். வெள்ளையும் மஞ்சளும் மூன்றாம் முறையும் கேட்கும். போஸ்டர் வர்ணத்தை இதற்குப் பதிலாக எடுக்க வேண்டாம், உலர்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். வெற்று அலுமினியத்தில் அக்ரிலிக் வர்ணத்தின் பிடிப்பு பலவீனம், நகத்தால் சுரண்டினால் துண்டாக வரும்.

பெயின்ட் மார்க்கர்

அவசரத்துக்கு உதவும். போஸ்கா போன்ற நீர் சார்ந்தவை அக்ரிலிக்குக்குப் பாதுகாப்பானவை. எண்ணெய் சார்ந்த மார்க்கர்களின் கரைப்பான் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் அவற்றை உலோகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மையின் தடிப்புக் குறைவு, ஆகவே நிறமும் மங்கல். நிரந்தர மார்க்கர் என்று விற்கும் சாய மையை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதைத் துடைக்க மதுசாரம் தேவை, வெயிலில் நிறமும் போய்விடும்.

துடைக்கவே வேண்டாத வழி

கண்ணாடி அக்ரிலிக்கைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, வீட்டு இயந்திரத்தின் ஆழமில்லாத கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. அதன் பின்புறத்தில் மெல்லிய பிரதிபலிப்புப் படலமும் அதைக் காக்கும் பூச்சும் இருக்கின்றன. வடிவத்தை இடவலமாகப் புரட்டி, பின்புறத்திலிருந்து பொறித்தால் முனை அந்தப் படலத்தைக் கீறி நீக்கும். இனிப் பின்புறம் முழுவதும் அக்ரிலிக் வர்ணத்தைத் தாராளமாக இரண்டு பூச்சுப் பூசுங்கள். முன்பக்கம் திருப்பினால் கண்ணாடிக்குள் கோடு மட்டும் நிறத்தில் ஒளிரும். மிச்ச வர்ணம் படலத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதால் துடைக்கும் வேலையே இல்லை. முன்பக்கம் வழவழவென்று இருப்பதால் தூசு தங்காது, கை பட்டும் நிறம் போகாது.

கவனிக்க வேண்டியவை சில. தடவிப் பார்த்துப் பின்புறம் எதுவென உறுதிசெய்து, அந்தப் பக்கத்தில் பாதுகாப்புத் தாள் இருந்தால் மட்டும் உரிக்க வேண்டும், முன்பக்கத் தாள் கடைசி வரை இருக்கட்டும். இரண்டு ஓட்டத்துக்கு மேல் வேண்டாம், கோட்டோரம் படலம் செதிலாக உரியும். எனாமலும் தெளிப்பு வர்ணமும் படலத்துக்குள் ஊறிக் கண்ணாடியைக் கறைபடுத்தலாம் என்பதால் நீர் சார்ந்த வர்ணம் மட்டுமே. வெளிர்நிறம் பூசினால் அது நன்கு உலர்ந்த பிறகு வெள்ளை ஒரு பூச்சு மேலே கொடுத்தால் நிறம் தெளிவாகும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் இருண்ட நடைபாதைகளில் கதவுப் பெயர்ப்பலகைக்கு இது நன்றாக எடுபடும். 'ழ'வின் சுழி கூட அடைபடாமல் தெரியும்.

எங்கே வாங்குவது, எதை நிரப்பாமல் விடுவது

எனாமல் பேணி, மினரல் டேர்பன்டைன், நீர்ச் சாண்ட் பேப்பர், மாஸ்கிங் டேப் எல்லாம் பழைய சோனகத் தெருவின் வன்பொருட் கடைகளில் ஒரே நடையில் கிடைக்கும். அக்ரிலிக்குக்கு முழுத் தகடு வாங்க வேண்டியதில்லை. விளம்பரப் பலகை செய்யும் இடங்களில் வெட்டுத் துண்டுகளைக் கேளுங்கள். தடிப்பைக் கையால் ஊகிக்காமல் அளவுகோலால் பாருங்கள், 3 மி.மீ. துண்டு இயந்திரத்துக்குள் போகாது. ரப் அன் பஃப் பெரும்பாலும் இணையத்தில்தான் தருவிக்க வேண்டும்.

விளக்குப் பலகைக்கு, அதாவது அடியில் எல்இடி வைத்து ஒளிரவிடும் அக்ரிலிக்குக்கு, நிறமே நிரப்பக் கூடாது. கீறிய முகங்களில் ஒளி சிதறுவதால்தான் கோடு ஒளிர்கிறது, அதை அடைத்தால் ஒளிராது. கரண்டி, தட்டு, குவளையின் வாய்ப்பகுதி போன்ற உணவு படும் இடங்களிலும் இந்த நான்கில் எதையும் நிரப்பாதீர்கள்.

காலி வீதிக்குக் கடற்பக்கமாக, கல்கிசை வரை, வெளியில் மாட்டும் வெற்று அலுமினியத் தகடு உப்புக்காற்றில் வெண்புள்ளி விழும். அங்கே எனாமல் நிரப்பி, இரண்டு நாள் இறுகவிட்டு, தெளிலாக்கரை 25 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து மிக மெல்லிய பூச்சுகளாக மூன்று முறை தெளியுங்கள். முதற்பூச்சே ஈரமாக வழிந்தால் அடியிலுள்ள எனாமல் சுருங்கிவிடும். மழைநாளில் தெளித்தால் லாக்கர் பால்போல வெளுக்கும், வெயில் வந்த பிறகு தெளியுங்கள்.

மெழுகுப் பசைக் குழாயை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்து, காற்றைப் பிதுக்கி, மூடியை இறுக்கி வையுங்கள். இறுகிவிட்டாலும் எறிய வேண்டாம். ஒரு சிறு மூடிப் பேணியில் வழித்தெடுத்து, மினரல் டேர்பன்டைன் இரண்டு மூன்று துளி விட்டுக் குச்சியால் பிசைந்து, ஓர் இரவு மூடி வைத்தால் மறுபடி பசையாகும்.